பதினாலாம் நம்பர் காட்டு மிளாறு

இதை எழுத வேண்டியவள் நானில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் திருநெல்வேலிப் பக்கம் உள்ள சொந்தக்காரர்களுக்குப் போட்ட கடுதாசிகள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் பேச வேண்டி வந்தால் எனக்குக் காது சுட்டுவிடும். பேசாமல் இருந்தே நாற்பது வயது தாண்டிவிட்டது. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் களத்தில், புதிதாக வந்த கண்டக்டர் எங்களை நிறுத்திவைத்துப் பேசினார். இங்கே கண்டக்டர் என்றால் ஒரு டிவிஷனில், அதாவது எஸ்டேட்டின் ஒரு பிரிவில், தேயிலைக் காட்டு வேலையை மேற்பார்க்கிற உத்தியோகஸ்தர். சின்ன வயசு. கெட்டவர் இல்லை. கோடை வருகிறது, மலையில் தீ பிடித்தால் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்தார்:

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நிறுத்துன எடத்த விட்டு யாரும் ஓடக் கூடாது. உத்தரவு இல்லாம ஓடுனவங்க கதி என்னாச்சுன்னு இந்த டிவிஷன்ல நான் சொல்ல வேண்டியதில்ல."

என் பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "சொல்லட்டுமாடீ? நான் சொல்லட்டுமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கூடைக் கயிற்றைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஓடியவர்களில் ஒருவன் என் தம்பி. அவன் புத்தியில்லாமல் ஓடவில்லை. ஏன் ஓடினான், எங்கே ஓடினான், அங்கே என்ன கிடந்தது என்பதை யாராவது ஒரு தடவையாவது எழுதிவைத்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக யாரும் எழுதவில்லை. அதனால்தான் நான்.

முதலில் மிளாறைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவாத்து. வெட்டி விழுகிற கிளைக்கும் குச்சிக்கும் மிளாறு என்று பேர். கவாத்து முடிந்த காட்டில் ஒரு பச்சை இலை இருக்காது. சீவிய கட்டைகள் முனையைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். நடுவே நடக்க இடமில்லாமல் மிளாறு கிடக்கும்.

லயத்து வீடுகளில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், அந்த மிளாறைத்தான் எரிப்போம். தேயிலைக் குச்சி புகையாது, நின்று எரியும். கவாத்து நடக்கும் நாட்களில் வேலை விட்டு வரும் பெண்களில் ஒருத்தியும் வெறுந்தலையோடு வர மாட்டாள். தலையில் ஒரு கட்டு இருக்கும். வீட்டுப் பின்னால் கூரை முட்ட அடுக்கிவைத்தால் மழைக்காலம் முழுவதும் ஓடும். எங்கள் மலையில் மழைக்காலம் என்றால் மாதக்கணக்கு. அடுப்பு அணைந்த வீட்டில் பிள்ளைகள் நெஞ்சுச் சளியில் கிடக்கும். யாரிடமும் கேட்டு எடுக்கும் வழக்கமில்லை. எங்கள் அம்மா எடுத்தாள், நாங்களும் எடுத்தோம்.

நான் சொல்லும் வருஷம், மழை நேரத்தில் வேலைநிறுத்தம் வந்து கவாத்து தள்ளிப்போயிற்று. பதினாலாம் நம்பர் காட்டில் மார்கழிப் பனியில்தான் கத்தி வைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பர் உண்டு. பதினாலாம் நம்பர் எங்கள் டிவிஷனின் மேல் கோடியில் இருக்கிறது. அதற்கு மேலே புல்மேடு. அதன் ஒரு பக்கம் கம்பெனியின் யூக்காலி மரக்காடு, அதாவது தைலமரக்காடு. ஃபாக்டரியில் இலையைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு அந்த யூக்காலியிலிருந்துதான் போகும். என் வீட்டுக்காரர் கவாத்து ஆள். பதினாலாம் நம்பரை வெட்டியவர்களில் அவரும் ஒருவர்.

கவாத்து தொடங்கியதும் வழக்கம்போல் கட்டுக் கட்டிக்கொண்டு மேல் ஓரத்துப் பாதை வழியாக வந்தோம். லயத்துக்கு அதுதான் குறுக்குவழி. பாதையில் கண்டக்டர் நின்றார். அப்போது இருந்தவர் வேறு ஆள், வயசானவர்.

"எல்லாரும் கட்ட எறக்குங்க. இனிமே ஒரு குச்சி வெளிய போகக் கூடாது. தொர ஓடரு."

துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். பக்கத்து வீட்டு அக்காதான் முன்னால் நின்றாள்.

"இதென்னங்கய்யா புதுசா?"

"மிளாறு காட்டுலயே கெடந்து மக்கணும். மண்ணுக்கு உரம்."

"அப்ப மண்ணுக்கு மட்டுந்தான் வயிறு இருக்கு. நாங்க அரிசியப் பச்சையாத் திங்கணுமாக்கும்?"

"அதெல்லாம் தொரைகிட்டப் போய்க் கேளு."

"கேக்குறேன். பங்களாவுல எத வச்சுக் காப்பி போடுறாகன்னும் சேத்துக் கேக்குறேன். அங்கயும் மக்குன குச்சிதான் எரியுதான்னு பாத்துட்டு வாரேன்."

பெண்கள் சிரித்தார்கள். கண்டக்டருக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டை இறக்காமல் ஒருத்தியையும் விடவில்லை. அவிழ்த்துப் பரப்பிவிட்டுப் போகவாவது விட்டிருக்கலாம். பொழுது சாய்கிறது, போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். பாதை ஓரமாக, காட்டின் மேல் வரம்பை ஒட்டி, வரிசையாகப் போட்டுவிட்டு வந்தோம். அடுத்த நாட்களிலும் சிலர் விடாமல் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதே இடத்தில் அதே பேச்சு நடந்தது. கட்டுகள் கூடிக்கொண்டே போயின. என் கட்டு ஒரு பாறைக்குப் பக்கத்தில் கிடந்தது. பழைய சேலைக் கிழிசலால் கட்டியது, நீல நிறம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

துரையின் யோசனை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மிளாறு மக்கினால் உரம்தான். மழை பெய்திருந்தால் மக்கியிருக்கும்.

இனி என் தம்பி.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவன் என் வீட்டில்தான் வளர்ந்தான். வாய் ஓயாதவன். "யக்கா, ஒனக்கு வாயி எதுக்கு? வெத்தல போடவா? எனக்குக் குடுத்துரு, நான் ரெண்டு வாயி வச்சுப் பொழச்சுக்கிறேன்" என்பான். அவனோடு போகும்போது கடையில் சாமான் கேட்பதிலிருந்து டாக்டரிடம் சொல்வது வரை அவனே எனக்காகப் பேசிவிடுவான். கல்யாணம் ஆனதும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வேறு டிவிஷனில் வீடு கிடைத்துப் போனான். பெண்டாட்டி வட்டவடைக்காரி. பூண்டு வயலில் வளர்ந்தவள். கொழுந்து எடுக்க வராது என்று ஆரம்பத்தில் அழுதாள், பிறகு எங்களைவிட வேகமாக எடுத்தாள். ஒரு பெண் குழந்தை.

தீபாவளிக்கு மூவரும் வந்தார்கள். அப்போது பதினாலாம் நம்பர் இடுப்புக்கு மேல் பச்சைப் பசேலென்று நின்றது. அதன் நடுவேதான் குழந்தையைத் தோளில் உட்காரவைத்து நடந்து வந்தான். பொங்கலுக்கு வருகிறேன் என்றான். பொங்கல் சமயம் குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை. கவாத்தை அவன் பார்க்கவில்லை. அவன் டிவிஷனில் யாருமே பார்த்திருக்க வழியில்லை. தங்கள் டிவிஷனில் எது கவாத்துக் காடு, எது கொழுந்துக் காடு என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அடுத்த டிவிஷனைப் பற்றி யார் கேட்டுவைத்துக்கொள்வார்கள்?

எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கு நடை பழகும் முன்பே தெரிந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. தீ வந்தால் தேயிலைக்குள் ஓட வேண்டும். பச்சைத் தேயிலையில் தீ ஏறாது. ஓரத்து இலையைக் கருக்கிவிட்டுப் புகைந்து நின்றுவிடும். எங்கள் அப்பா அப்படி உள்ளே படுத்துத் தப்பித்தவர். வேறு எதற்குப் பயந்தாலும் தேயிலைக்குள் இருக்கும்போது தீக்குப் பயப்பட வேண்டாம் என்று அம்மா சொல்லித்தான் எங்களை வளர்த்தாள். யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படும்படி அதுவரை எதுவும் நடக்கவுமில்லை.

மாசி மாதம். பனி புல்லையெல்லாம் கருக்கிவிட்டிருந்தது. அதற்கு முன்புதான் மலை முழுவதும் குறிஞ்சி பூத்து ஓய்ந்திருந்தது. பூத்த செடிகளெல்லாம் செத்து, குச்சியாக நின்றன. பார்க்க வந்தவர்கள் பூவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். காய்ந்த குச்சிக்குப் பக்கத்தில் இருந்தது நாங்கள்தான்.

காலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஃபாக்டரிச் சங்கு ஊதாத நேரத்தில் ஊதியது. நிமிர்ந்து பார்த்தால் மேட்டுக்குப் பின்னால் புகை. சர்க்கார் காட்டுப் பக்கம். மாட்டுக்குப் புதுப் புல் வேண்டுமென்று யாராவது வைத்தார்களா, பீடியைப் போட்டார்களா, இன்றைக்கும் தெரியாது. தெரிந்து என்ன. தீ மேட்டைத் தாண்டினால் யூக்காலிக் காடு. அதைக் காப்பாற்ற ஆள் வேண்டும். எங்கள் டிவிஷன் ஆம்பிளைகளை முதலில் ஏற்றினார்கள்.

தீயணைப்பு வண்டி எங்கள் மலையில் ஏறியதை நான் பார்த்ததில்லை. இங்கே தீயை அணைக்கிறவன் தேயிலைத் தொழிலாளிதான். கையில் வெட்டுக்கத்தி, மம்பட்டி, பச்சைத் தழைக் கொத்து. சிலர் காலில் டயர் செருப்பு, பலர் வெறுங்கால். வரிசையாக நின்று தழையால் அடிப்பார்கள். முன்னால் இருப்பவன் அடித்துவிட்டு நகர, பின்னால் வருகிறவன் மிச்சப் பொறியை மிதிப்பான். புகை முகத்தில் அடித்தால் தரையோடு மூக்கை வைத்து இழுத்துக்கொள்ள வேண்டும். புல்தீ நின்று எரிவதில்லை, ஓடும். காற்று திரும்பினால் நீ அடித்துக்கொண்டிருந்த தீ உன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். வருஷா வருஷம் யாருக்காவது கால் வெந்து, கண் எரிந்து, புருவம் கருகித்தான் திரும்புவார்கள். வீட்டில் முட்டையின் வெள்ளையைத் தடவிவிடுவோம். மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஆள் போதவில்லை என்று அடுத்த டிவிஷனிலிருந்து லாரியில் கொண்டுவந்தார்கள். ரோட்டோரத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தோம். லாரி வளைவில் மெதுவாகத் திரும்பியது. பின்னால் நின்றவர்களில் தம்பி எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"யக்கா! யக்கோவ்! இதப் புடி!"

கம்பளியைச் சுருட்டி எறிந்தான். கம்பெனி கொடுக்கும் சாம்பல் நிறக் கம்பளி, எல்லோரும் காலைக் குளிருக்குப் போர்த்திக்கொள்வது.

"மேல நமக்குக் கணப்புப் போட்டு வச்சிருக்காகளாம்! இத எதுக்குச் சொமந்துகிட்டு?"

லாரியில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுடைய கங்காணி, வேலை வாங்குகிற பெரியவர், அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏலே, குனிஞ்சு நில்லுடா. தீயில சாகுறதுக்கு முன்னாடி லாரியிலருந்து விழுந்து செத்துத் தொலையாத."

"கங்காணி, நீங்க இருக்கும்போது எமன் எனக்கு முன்னாடி உங்களையில்ல தேடுவான்!"

அதற்கும் சிரித்தார்கள். லாரி திரும்பிப் போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. எறிந்த கம்பளி கொழுந்துக் கூடையில் விழுந்து, அதை உதறி மடித்து முடிப்பதற்குள் புழுதிதான் மிச்சம். மடிக்கும்போது கதகதப்பாக இருந்தது.

பெண்களைத் தண்ணீர் சுமக்கச் சொன்னார்கள். மண்ணெண்ணெய் டின்னில் ஓடைத் தண்ணீர் மொண்டு, ரோடு முடிகிற இடம் வரை கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கிருந்து ஆம்பிளைகள் மேலே எடுத்துப் போவார்கள். அந்த இடத்திலிருந்து மேடும் புகையும் தெரியும். பதினாலாம் நம்பர் ஒரு மலைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால் தெரியாது. மேலே போகவும் விடவில்லை. சின்னத் துரை, அதாவது உதவி மேனேஜர், ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று, "யூக்காலிக்குள்ள விட்றாதீங்க, யூக்காலிக்குள்ள விட்றாதீங்க" என்று மேலே போகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இனி எழுதுவது நான் பார்த்ததல்ல. என் வீட்டுக்காரர் சொன்னது. வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அவரும் எங்கள் டிவிஷன்காரர்களும் மேட்டின் ஒரு கோடியில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் காலையிலேயே எரிந்து முடிந்த கருகல் நிலம். தம்பியும் அவன் டிவிஷன்காரர்களில் பெரும்பாலோரும் மறு கோடியில், யூக்காலிக்கும் புல்லுக்கும் நடுவே. அவர்களுக்குக் கீழே பதினாலாம் நம்பர். மேட்டிலிருந்து பார்த்தால் சரிவு வளைந்து இறங்குவதால் காடு கண்ணுக்குத் தெரியாது. தேயிலைக்குப் போகும் பாதை மட்டும் தெரியும்.

மத்தியானம் வரைக்கும் நன்றாக நடந்தது. தீ பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. சிலர் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். அப்புறம் காற்று திரும்பியது. யூக்காலி ஓரத்தில் முதலில் ஒரு மரம் பிடித்தது. அந்த மரம் பட்டையை நீள நீளமாக உரித்துத் தொங்கவிடும். தீப்பிடித்தால் அந்தப் பட்டை பிய்ந்து காற்றில் பறக்கும். தலைக்கு மேல் எரிகிற பட்டைகள் பறந்து கீழ்ச் சரிவுப் பக்கம் போவதை என் வீட்டுக்காரர் பார்த்தார். புல்தீயும் திரும்பித் தம்பி டிவிஷன்காரர்களை வளைக்க ஆரம்பித்தது.

நின்றால் வெந்துவிடுவார்கள். இதை விசாரித்தவர்கள் யாரும் அந்த இடத்தில் நின்றதில்லை. கங்காணி கத்தியது இந்தக் கோடி வரை கேட்டதாம்.

"தேயிலைக்குள்ள எறங்குங்கடா! தேயிலைக்குள்ள!"

அவர் வேறு என்ன சொல்லியிருப்பார்? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

எங்கள் டிவிஷன்காரர்கள் அதே நேரத்தில் பின்னால் கருகல் நிலத்துக்குள் ஓடினார்கள். சாம்பல் கனன்றுகொண்டிருந்தது. பாதம் வெந்தது. ஆனால் அங்கே எரிய இனி ஒன்றுமில்லை. கீழே என்ன கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் வெட்டியதுதான். அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

"எறங்காதீக! கவாத்துக் காடு! கவாத்துக் காடுடா!"

அதற்குள் தீயின் சத்தம் ஏறிவிட்டது, பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். சீக்கிரம் போ என்று சொல்வதாக நினைத்திருப்பார்கள். புகைக்குள் இறங்கும் முன் கடைசியாக ஒருவன் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினான். அது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர்கள் மேல் வரம்பைத் தாண்டி உள்ளே இறங்கியபோது, பாதை ஓரத்தில் நாங்கள் போட்ட கட்டுகளில் பறந்து வந்த பட்டை விழுந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஒன்றாக வரிசை முழுவதும் பிடித்தது. திரும்பி ஏற வழியில்லை. முன்னால் முழங்கால் அளவு மிளாறு, இரண்டு மாதம் காய்ந்தது. புகையில் கண் தெரியாமல் ஓடியவர்களைச் சீவிய கட்டைகள் காலில் குத்தி விழத்தட்டின. விழுந்தவன் எழுவதற்குள் மிளாறு அவனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

கீழ் ஓடையில் போய் விழுந்து இரண்டு பேர் பிழைத்தார்கள். அதில் ஒருவர் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கை இரண்டும் சுருங்கிப்போயிருந்தன. காப்பி டம்ளரை நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

"கைய நீட்டித் தேயிலையத் தேடுனோம், யக்கா. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஒங்க தம்பி முன்னால சொல்லிக்கிட்டே போனான். குச்சிதான் தட்டுப்பட்டுச்சு. எலையே தட்டுப்படல."

அன்று பொழுது சாயும் முன்பு செத்தவர்களைப் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொழுந்து கட்டும் சாக்கில்தான் தூக்கி வந்தார்கள். லாரியில் சிரித்தவர்களில் பாதிக்கு மேல் அங்கே கிடந்தார்கள். கங்காணியும் இருந்தார். தம்பியை அவன் இடுப்பு பெல்ட்டின் பித்தளைக் கொக்கியை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். நான் பார்த்தேன். எப்படி இருந்தான் என்று எழுத மாட்டேன்.

அவன் பெண்டாட்டியை அழைத்துவந்தார்கள். அவள் அழவில்லை. "நீங்க இங்கதான இருந்தீங்க, மைனி?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம், இங்கேதான் இருந்தேன். கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். அதில்தான் சுற்றினோம். போர்த்தத் துணி தேட வேண்டியிருக்கவில்லை. நனைத்த கம்பளி கையில் இருந்திருந்தால் தப்பித்திருப்பான் என்று பின்னால் நின்ற யாரோ சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன.

சில வாரம் கழித்து விசாரணை நடந்தது. வந்தவர்கள் ரோடு முடிகிற இடம் வரை ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கிருந்து பதினாலாம் நம்பர் தெரியாது என்று முன்பே சொன்னேன். மேலே இருந்தவர்களில் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எறங்கச் சொல்லி உத்தரவு கொடுத்தது யாரு?"

"கங்காணிங்க."

"கங்காணிக்கு யாரு கொடுத்தது?"

"தீ கொடுத்துச்சுங்க."

கேட்டவருக்குக் கோபம் வந்தது. ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர், "கீழ மிளாறு கெடந்துச்சுங்க. பொம்பளைக எடுத்துட்டுப் போயிருந்தா வெறும் மண்ணாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

"மிளாறப் பத்தி யாரும் ஒங்கிட்டக் கேக்கல."

அவ்வளவுதான். உத்தரவு இல்லாமல் இடத்தை விட்டு இறங்கியதால் நேர்ந்தது என்று முடிவாயிற்று. இறங்கச் சொன்னவர் செத்துப்போனார். இறங்கினவர்களும் செத்துப்போனார்கள். செத்தவர்கள் மேல் பழியைப் போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் எழுந்து இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மிளாறை வெளியே விடாதே என்று சொன்ன துரை அடுத்த வருஷம் பெரிய எஸ்டேட்டுக்கு மாற்றலாகிப் போனார். அவருக்கு மாலை போட எங்களை வரிசையில் நிற்கவைத்தார்கள். நானும் நின்றேன். யூக்காலிக் காட்டில் பாதி தப்பியது. கருகிய பாதியையும் வெட்டி ஃபாக்டரி அடுப்புக்கே போட்டார்கள். ஒரு மரமும் வீணாகவில்லை.

தம்பி பெண்டாட்டி குழந்தையோடு வட்டவடைக்கே போய்விட்டாள். அறுவடை சமயம் ஜீப்பில் யாரிடமாவது ஒரு பை பூண்டு கொடுத்துவிடுவாள். அவள் வருவதில்லை. குழந்தையையும் அனுப்புவதில்லை. அத்தை வீட்டைப் பார்க்க வேண்டும் என்று குழந்தை கேட்டால், அங்கே தீ என்று சொல்லிவிடுகிறாளாம்.

பதினாலாம் நம்பரில் கருகிய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டார்கள். இப்போது டிவிஷனிலேயே நல்ல கொழுந்து அங்கேதான். சாம்பலும் உரம்தானே. அங்கே வேலை விழுகிற நாட்களில் எல்லோரும் மளமளவென்று எடுத்துக்கொண்டு போவார்கள், எடை நன்றாக நிற்கும். நானும் எடுக்கிறேன். என் கட்டு கிடந்த பாறை இருக்கிற வரிசை எனக்கு வந்தால் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா என் வரிசைக்கு மாறிக்கொண்டு, தன் வரிசையை எனக்குத் தந்துவிடுவாள்.

இதுதான் அந்தக் கண்டக்டருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது. தம்பி இருந்திருந்தால் எனக்காகச் சொல்லியிருப்பான்.

தீ பிடித்ததற்கு மறுநாள் காலை சங்கு வழக்கமான நேரத்தில் ஊதியது. பிரட்டில் அப்போதிருந்த பழைய கண்டக்டர், பதினாலாம் நம்பரின் கீழ்ப் பாதியில் எரியாத மிளாறு கிடக்கிறது, ஆபத்து, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னார். பெண்கள் போனார்கள். எங்கள் வீட்டில் சாவுக்கு வந்த சனத்துக்கு வெந்நீரும் காப்பியும் வைக்க வேண்டியிருந்தது, விறகு இல்லை. நானும் போய் ஒரு கட்டு கட்டிக்கொண்டு வந்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது, மண்ணெண்ணெய் ஊற்றாமலே பற்றிக்கொண்டது. மத்தியானத்துக்குள் தம்பியை எடுத்துவிட்டார்கள்.